அம்மாவின் சர்க்கரைக்குக் காவல்

பத்து வயதில் நான் என் அம்மாவைத் திருடி என்று முடிவு செய்திருந்தேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஆதாரம் தேடிக் கிளம்பியவள் நான் ஒருத்திதான். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அப்பாவின் மேல் அதைவிட அதிகமாக வருகிறது. அப்பாவின் கூடப் பிறந்த அத்தையின் மேல் வருவதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அக்காவை வயிற்றில் சுமந்தபோது வந்தது, அப்புறம் போகவில்லை. அதோடு நான் ஐந்தாவது படிக்கும்போது அவள் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாகத் தெரிந்தது. மாதத்தில் பத்து நாள் ரத்தம் போகும். அவளோ ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து தோல் தைக்கிறவள். பாத்ரூமுக்கு எழுந்து போவதற்கே சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் ஆம்பூரில் காட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் சர்க்கரை இப்படி இருநூற்றைம்பதில் நின்றால் கத்தி வைக்க முடியாது, வைத்தால் புண் ஆறாது, ஒரு மாதத்தில் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சீட்டில் ஒரு தேதியும் எழுதிக் கொடுத்தார்.

விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். வாங்கியதோடு சரி, அவர் அதைத் தொடவில்லை. அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்கிறவர். ரத்தமும் உப்புமாக லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோலைத் தோளில் தூக்கிப் போடுகிறவர். அம்மாவின் விரல் நுனியில் கடுகளவு ரத்தத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா, "சீ, நான் மாட்டேன்" என்று எழுந்து ஓடினாள். வேலை என் கைக்கு வந்தது.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. தினமும் காலையில் அம்மா வெறும் வயிற்றோடு உட்கார்ந்து கையை நீட்டுவாள். குத்துவேன். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு மெஷின் ஐந்து நொடி யோசிக்கும். எண்ணைப் படித்து என்னுடைய ரஃப் நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். அப்பா ஒருநாள் சர்க்கரை டப்பாவை என்னிடம் கொடுத்து, "இனிமே இது உன் பொறுப்பு. உங்கம்மா இன்னா துன்றா, எப்ப துன்றா, எல்லாம் நீதான் பாத்துக்கணும்" என்றார். பத்து வயதுப் பெண்ணிடம் அம்மாவை ஒப்படைக்கிற மனிதரைப் பற்றி நான் என்ன சொல்ல? அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. டப்பாவை என் புத்தகப் பைக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன். எறும்பு மொய்த்து சமூக அறிவியல் புத்தகம் பாழானது.

முதல் பதினைந்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அம்மா காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்தாள், சர்க்கரை இல்லாத டீ குடித்தாள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிரியாணி பொட்டலத்தைப் பிரித்தபோது மொட்டை மாடிக்கு நடக்கப் போனாள். இருநூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு என்று எண் இறங்கியது. ஒருநாள் நூற்று எழுபத்தி நாலு வந்தது. நான் கத்தினேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "டாக்டரு நீதான்டி" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்து அக்கா பெரிய மனுஷி ஆனாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவால் குனிந்து நிமிர முடியாது, அதனால் முன்னாலேயே சடங்கை முடித்துவிடலாம் என்று பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் பத்திரிகை இருக்கிறதோ இல்லையோ, பேனர் இருக்க வேண்டும். தெருமுனையில் சவுக்குக் கம்பு நட்டு பேனர் கட்டவில்லை என்றால் அந்தப் பெண் வயதுக்கே வரவில்லை என்று அர்த்தம். அப்பாதான் கடையில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தார். நடுவில் அக்கா. அவளுக்குப் பின்னால் அருவி, பக்கத்தில் மயில். மேல் மூலையில் மாலை போட்ட தாத்தா. அவர் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். கறுப்புக் கண்ணாடியோடு அத்தையின் புருஷன். அத்தையின் மூன்று மாதப் பேரக் குழந்தை, அம்மணமாக. அப்பாவின் டேனரி மேஸ்திரி. யாருக்குமே யாரென்று தெரியாத, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கட்சிக்காரர்.

என் மாமா மட்டும் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி, அக்காவுக்குத் தாய்மாமன். சடங்கில் அவன் மாலை போட்டதும்தான் மற்றவர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவன் சீர்த் தட்டு உள்ளே வந்த பிறகுதான் விசேஷமே ஆரம்பம். அப்படிப்பட்டவனுடைய முகத்தை விட்டுவிட்டுப் பேனர் அடிப்பது என்பது, எங்கள் ஊரில், அவன் வீட்டு வாசலில் போய் நின்று காறித் துப்புவதற்குச் சமம். கடைக்காரன் விட்டுவிட்டான் என்று அப்பா இன்றுவரை சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின மாதம் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஏதோ வாய்த்தகராறு நடந்தது என்பது மட்டும் தெரியும்.

மாமா ஆற்காட்டிலிருந்து சின்ன லோடு வண்டியில் இருபத்தொரு தட்டோடு வந்து இறங்கினான். மேளக்காரன் கூட அடிக்க ஆரம்பித்துவிட்டான். மாமா பேனரைப் பார்த்தான். எல்லோரையும் போல முதலில் தன் முகத்தைத் தேடினான். மேலிருந்து கீழே, அப்புறம் கீழிருந்து மேலே. வரவேற்கப் போன அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"இன்னா மாமா இது? செத்துப்போன பெருசு இருக்குது. பொறந்து மூணு மாசம் ஆன கொழந்த இருக்குது. நான் எங்க?"

"கடைக்காரன் உட்டுட்டான் மச்சான். நான் போன்ல அனுப்பிச்சேன்."

"எங்க, அனுப்பிச்சத காட்டு."

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். போனை எடுக்கவில்லை. "விசேஷத்துல நின்னு போன நோண்டிகினு இருப்பாங்களா? உள்ள வா."

"காட்டு மாமா."

அத்தை நடுவில் வந்து, "ஒரு போட்டோவுக்கு இன்னாத்துக்குப்பா இவ்ளோ பேஜாரு பண்ற?" என்றாள்.

"உங்க வூட்டுக்காரரு மூஞ்சிய பிளேடுல கட் பண்ணிட்டு இதயே நான் சொல்லட்டாக்கா?"

மேளம் நின்றது. மாமா வண்டியிலிருந்து ஒவ்வொரு தட்டாக இறக்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல், பேனருக்குக் கீழே ரோட்டில் வரிசையாக வைத்தான். புடவைத் தட்டு, வளையல் தட்டு, பழத் தட்டு. கடைசியாக ஆற்காட்டு இனிப்பு, மக்கன் பேடா வைத்த தட்டு. வைத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அம்மா பட்டுப் புடவையோடு, காலில் செருப்பு இல்லாமல் தெருமுனைக்கு ஓடி வந்தபோது வண்டி கிளப்பிய புழுதிதான் இருந்தது. தட்டுகளை நாய் ஒன்று சுற்றி வந்தது. நான் அதை விரட்டினேன்.

அக்காவுக்கு மாலையை அத்தையின் புருஷன் போட்டார். வீடியோக்காரன் அதையும் எடுத்தான். அம்மா ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அன்று அவள் சாப்பிட்டதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குத்தினேன். இருநூற்று எண்பத்தாறு.

என் சந்தேகம் நேராக மக்கன் பேடாவுக்குத்தான் போனது. தட்டைப் பரண் மேல் வைத்திருந்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கூடக் கிழியவில்லை. கீழே இறங்கி, ஒன்றும் புரியாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. இனிப்பு தின்றால் கண் சிவக்குமோ என்று யோசித்தேன்.

அன்றிலிருந்து அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான். ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவருக்குக் கேட்கும். ஆனாலும் எல்லாம் என் வழியாகத்தான் போய்வரும். "மாத்திர போட்டாளான்னு கேளு" என்பார் அப்பா, அம்மாவுக்கு இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. நான் அம்மாவிடம் திரும்பி, "மாத்திரையாவது போட்டியா இல்ல அதுவும் இல்லையான்னு அப்பா கேக்குறாரு" என்பேன். கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னால்தான் பெரியவர்கள் பேச்சு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அம்மா, "அவரு மூஞ்சியில எழுதி ஒட்டிட்டு வரேன்னு சொல்லு" என்பாள். அதையும் சேர்த்துச் சொல்வேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. வீட்டில் இதற்கு முன் யாருக்கும் நான் இவ்வளவு தேவைப்பட்டதில்லை.

அம்மா சமையலறையில் நின்று மாமாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பாள். அவன் எடுக்க மாட்டான். சோற்றைத் தட்டில் போட்டு, பாதியில் எழுந்து கொட்டுவாள். எண் மட்டும் இறங்கவில்லை. இருநூற்று எழுபது. முந்நூறு. இருநூற்றுத் தொண்ணூறு. கேழ்வரகுக் கூழ் அதேதான். டீ அதேதான். டப்பா என் பையில். அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது? மெஷின் கெட்டுவிட்டதோ என்று என் விரலைக் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்றி ரெண்டு. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"திருட்டுத்தனமா துன்றா" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: "நாக்க கட்ட முடியாதவளுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு கண்ணு? ஸ்வீட்டு கடையிலயே ஒரு பெட்டு போட்டுத் தரச் சொல்லு." சொல்லிவிட்டு, பரணிலிருந்து மக்கன் பேடாவை இறக்கச் சொல்லி இரண்டைத் தின்றாள். மாமா ரோட்டில் வைத்த அதே பேடா. அதைத் தின்ன அத்தைக்கு எப்படி மனம் வந்தது என்று இப்போது கேட்கிறேன். அன்று எனக்கு ஒன்று கிடைக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நான் சோதனையில் இறங்கினேன். அம்மாவின் கம்பெனிப் பையைத் தினமும் தலைகீழாகக் கொட்டினேன். அதில் அடையாள அட்டை, சாப்பாட்டு டப்பா, பழந்துணி மூட்டை, வெற்று மாத்திரை அட்டை தவிர எதுவும் இல்லை. அரிசி மூட்டைக்குள் கை விட்டேன். அவள் புடவை மடிப்புகளை உதறினேன். ஒரு மிட்டாய்க் காகிதம் கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் இல்லை என்றால் கம்பெனியில்தான் தின்கிறாள். எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது.

கம்பெனி பஸ் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு எதிரே ஹைவேயில் நிற்கும். மாதனூர் பக்கம் போகிற பஸ், முழுக்கப் பெண்கள். அம்மாவின் பக்கத்து மெஷினில் தைக்கிற ஒருத்தி ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பாள். அவளை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அம்மாவை அவள் எப்போதும் "எங்க தோஸ்த்து" என்றுதான் சொல்வாள். நான் ரோட்டில் காத்திருந்து, பஸ் நின்றதும் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று கத்தினேன். என்ஜின் சத்தத்தில் கேட்க வேண்டுமே.

"பெரிம்மா! எங்கம்மா கம்பெனியில திருடித் துன்றாங்களா?"

பெரியம்மா குனிந்து பார்த்தாள். "இன்னாது?"

"ஸ்வீட்டு! பஜ்ஜி! கேன்டீன்ல எதனா துன்றாங்களான்னு கேட்டேன். அப்பா கேக்கச் சொன்னாரு!"

அப்பா கேட்கச் சொல்லவில்லை. எடை கூட்டுவதற்காக நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

பின் சீட்டிலிருந்து யாரோ, "ஏய், உன் பொண்ணு சிஐடி ஆயிட்டாடி" என்றாள். சிரிப்பு கிளம்பியது. இன்னொருத்தி, "நம்ம வூட்லயாவது மாமியாருதான் டிபன் பாக்ஸ தொறந்து பாக்கும்" என்றாள். பெரியம்மா சிரிக்கவில்லை. "உங்கம்மா கொண்டார சோத்தயே பாதிதான் துன்றா பாப்பா. மீதிய எனக்குத் தள்ளிட்டு டாய்லெட்ல போய் நின்னுக்கறா. போ, போய் உங்கப்பன்கிட்ட சொல்லு" என்றாள். அப்போதுதான் திரும்பினேன். அம்மா பஸ் படியில், ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

வீடு வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்குள் போனதும் பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குத்து."

"சாயங்காலம் குத்த மாட்டோமே."

"குத்துடி."

முந்நூற்று நாற்பத்தொன்று. அதுவரை நான் பார்க்காத எண். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தியா? துன்னிருக்க!" என்றேன்.

"ஆமா. துன்னேன்."

"இன்னா துன்ன?"

"நீ இன்னா எழுதணுமோ எழுதிக்க."

நோட்டில் எண்ணை எழுதி, அதற்குப் பக்கத்தில் "அம்மா ஒத்துக்கொண்டாள்" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அப்பா வந்ததும் காட்டினேன். அவர் என் முதுகில் தட்டினார். உடனே அத்தைக்குப் போன் போட்டு, "ஒத்துக்கினா" என்றார். அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

குறித்த தேதியில் வேலூருக்குப் போனோம். என் நோட்டை நானே எடுத்து வந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலும் குத்திப் பார்த்தார்கள், முந்நூற்றுக்கு மேல். டாக்டரம்மா அம்மாவிடம் கேட்பதற்குள் நான் எழுந்து, "அவங்க திருடித் துன்றாங்க டாக்டர்" என்று நோட்டை நீட்டினேன். வகுப்பில் பேசியவள் பெயரை எழுதி டீச்சரிடம் கொடுக்கிற மாதிரிதான்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் பார்த்தார். "ஒத்துக்கொண்டாள்னு எழுதியிருக்கே. என்னம்மா சாப்பிட்டீங்க?"

"எதுவும் சாப்பிடல டாக்டர்."

"அப்போ ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"கேட்டுக்கினே இருந்தாங்க" என்றாள் அம்மா.

டாக்டரம்மா நோட்டில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். நூற்று எழுபத்தி நாலுக்கும் இருநூற்று எண்பத்தாறுக்கும் நடுவில். "இங்க என்ன ஆச்சு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஃபேனைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அக்கா ஃபங்ஷன். மாமா பேனர்ல இல்ல." அவருக்குப் புரியவில்லை. பேனர் என்றால் என்ன, அதில் யார் யார் இருந்தார்கள், அம்மணக் குழந்தை, கட்சிக்காரர், ரோட்டில் வைத்த தட்டுகள், நாய், எல்லாவற்றையும் விளக்கினேன். இடையில் அப்பா இரண்டு தடவை, "போதும் உக்காரு" என்றார். டாக்டரம்மா, "பேசட்டும்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிட்டால்தான் சர்க்கரை ஏறும் என்று கிடையாதாம். மனதில் பாரம் இருந்தால், கோபம் இருந்தால், தூக்கம் இல்லை என்றால், உடம்பு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையைத் தானே எடுத்து ரத்தத்தில் விடுமாம். சாதாரண ஆளுக்கு அது தானாக இறங்கிவிடும், இவர்களுக்கு இறங்காது என்றார். வேளைக்குச் சாப்பிடாமல் இருப்பதும் தப்பு, அதனால் மாத்திரையும் ஒழுங்காக வேலை செய்யாது என்றார்.

"அதெல்லாம் சாக்கு டாக்டரம்மா" என்றார் அப்பா. "கவல எனக்குந்தான் இருக்குது. எனக்கு ஏறலியே?"

"நீங்க டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

அப்பா மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

உடம்புக்குள் சேர்த்து வைத்த சர்க்கரை என்றால் எங்கே? நான் அரிசி மூட்டைக்குள் தேடினேன், அது அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே இருந்ததா? அவளுக்குத் தெரியாமல் அவளுடைய உடம்பே அவளுக்குத் திருடிக் கொடுக்கிறதா? அப்படியென்றால் யாரைப் பிடிப்பது? அழுகிறவர்களுக்கு வருவது கண்ணீர், அது உப்பு. அப்புறம் எப்படிச் சர்க்கரை? டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. அம்மாவை அங்கேயே பத்து நாள் படுக்க வைத்து, ஊசி போட்டுக் குறைக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "இங்க வெச்சா துன்ன முடியாது. அதுக்குத்தான் வெக்கறாங்க. பெரிய டாக்டருங்க, நேரடியா சொல்ல மாட்டாங்க" என்றார். அதுதான் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நானும் அப்பாவும் நடுவில் ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். சிஸ்டர் சொன்ன எண் இருநூற்று முப்பது. அடுத்து போனில் கேட்டபோது இருநூறு. அப்பா ஒவ்வொரு தடவையும், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். ஊசிதான் இறக்கியது, அதில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் வீட்டில் இரண்டு வாரமாகப் பாதிச் சோறு தின்றவள் அங்கே தட்டைக் காலி செய்வதாகவும், மெத்தையில் தலையைச் சாய்த்தால் விடியும்வரை அசைவதில்லை என்றும் சிஸ்டர் சொன்னார். அதை யாரும் நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியவள் நான்.

எட்டாம் நாள் நூற்று அறுபத்தெட்டு. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று போனில் சொன்னார்கள். அந்த ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. அம்மா மூன்று மாதத்தில் மறுபடி கம்பெனி பஸ் ஏறினாள். மாமாவும் அப்பாவும் எப்படியோ பேசிக்கொண்டார்கள். யார் முதலில் பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது ஆபரேஷனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையைப் பற்றி. தேதி கிடைத்த சந்தோஷத்தில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி வேலூருக்குக் கூட்டிப்போனார். அம்மாவிடம் சொல்லாமல் போனோம்.

வார்டு நீளமானது. அம்மாவின் கட்டில் கடைசியில். நாங்கள் நடையில் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மூக்கால் இழுத்து, நடுவில் விக்கி, மறுபடி வெடிக்கிற சிரிப்பு. அக்கா சிரிக்கிற மாதிரி இருந்தது. அக்கா ஆம்பூரில் அல்லவா இருக்கிறாள் என்று குழம்பினேன். பக்கத்துக் கட்டிலில் குடியாத்தத்துக்காரி ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தாளு எந்திரிச்சி பாக்கறான், வேட்டி அங்க ஆட்டு வாயில இருக்குது" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். பார்த்த அந்த நொடியே வாய் மூடிக்கொண்டது. உதடுகளை உள்ளே இழுத்து அழுத்திப் பிடித்திருந்தாள். கன்னங்கள் இரண்டும் இன்னும் உப்பலாக இருந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது. முடியை அவசரமாக அள்ளி முடிந்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடியாத்தத்துக்காரி ஏதோ கொடுத்திருக்கிறாள். இவள் வாயில் போட்டிருக்கிறாள். நாங்கள் வந்ததும் மாட்டிக்கொண்டாள்.

"வாயில இன்னா?" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று.

"வாயத் தொற."

அப்பா என்னைத் தடுக்கவில்லை. அவரும் அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குடியாத்தத்துக்காரி, "அடக் கடவுளே" என்று முணுமுணுத்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் காட்டுகிற மாதிரி தலையைப் பின்னால் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து காட்டினாள்.

நான் கட்டிலில் முழங்காலை ஊன்றி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி, உள்நாக்கு, சிவந்த தொண்டை. வேறு எதுவும் இல்லை. நாங்கள் உள்ளே வருவதற்கு ஒரு நொடி முன்புவரை அந்த வாயில் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன்.